கியோட்டோவும் நவம்பர் புழுவும்

செப்டம்பர் 4, வியாழன்

அம்மாவின் கருப்பையைக் கெடுத்தது அப்பா. யாரிடமும் சொல்லப் போவதில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. புது பேட்ச் பட்டுப்புழு வந்து இறங்கியது. அம்மா ஆபரேஷன் முடிந்து வந்து இன்னும் பத்து நாள் ஆகவில்லை. குனியக் கூடாது என்றார் டாக்டர். குனிந்து புழுவுக்கு மல்பெரித் தழை போடுகிறாள்.

அப்பா எப்படிக் காரணம் என்றால்:

தீட்டு நாளில் பெண் புழு ஷெட்டுக்குள் போகக் கூடாது. போனால் புழு செத்துவிடும். எங்கள் பக்கம் இது சட்டம்.

ஷெட்டில் வேலை செய்வது அம்மா மட்டும்.

கூடு கட்டும் முன் கடைசி வாரம் புழு ஓயாமல் தின்னும். ஒரு வேளை தழை தவறினால் கூடு சிறுத்துவிடும்.

ஆகவே மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை. பேட்ச் தவறாமல். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து. அப்பாவே பாலக்கோட்டில் வாங்கி வருவார், தக்காளிக்கு அடிக்க மருந்து வாங்கும்போது அப்படியே. மெடிக்கல் ஷாப்காரர் "பண்டிகைக்கா?" என்பார். "புழுவுக்கு" என்றால் போதும். மேற்கொண்டு ஒரு கேள்வி கிடையாது.

அப்பா உள்ளே போய்த் தழை போட்டிருக்கலாம். அவரை எந்தத் தீட்டும் தடுக்கவில்லை.

அம்மாவின் கருப்பையில் ஒரு சதை வளர்த்தி. தர்மபுரியில் எடுத்தார்கள். எடுத்த துண்டு பரிசோதனைக்குச் சேலம் போயிருக்கிறது. அனுப்பியது நான். நான் வேலை பார்க்கும் லேபிலிருந்துதான் போகும். குப்பியின் மேல் அம்மா பெயர், வயது, என் கையெழுத்தில். தினமும் ஒட்டுகிற லேபிள்தான். இது மட்டும் கோணிக்கொண்டது.

மாலை தம்பி கார்த்தி அழைத்தான். ஒசாகாவில் முதியோர் இல்லத்தில் வேலை அவனுக்கு. நவம்பர் கடைசியில் லீவு கிடைத்துவிட்டதாம். நானும் அம்மாவும் வர வேண்டும், கியோட்டோ சுற்றிக் காட்டுகிறான். ஆபரேஷன் நடந்ததே அவனுக்குத் தெரியாது. அம்மாவின் உத்தரவு.

"அக்கா, பிளான் நீ போடு. எங்கெங்க போலாம்னு நான் அனுப்பறேன். அம்மாவ மட்டும் கெளப்பிடு, போதும்."

சரி என்றேன். ரிசல்ட் வரும்வரை எதையாவது பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும். கியோட்டோ கிடைத்தது.


செப்டம்பர் 6, சனி

வெயில். பஸ்ஸில் பின் சீட்டில் இரண்டு பேர்:

"ஓசூர் போய்ட்டு பொழுதோட வூடு வர முடியல. இவனுங்க சந்திரனுக்குப் போயிட்டு வந்துடறானுங்க."

"அங்க டிராபிக் இல்லயில்ல."

கார்த்தி (இனி கா.) அனுப்பிய இடங்களை, அம்மா தழை வெட்டும்போது வரப்பில் உட்கார்ந்து வாசித்தேன்.

தங்கக் கோயில். குளத்தை ஒட்டி, சுவரெல்லாம் தங்கத் தகடு. உள்ளே விட மாட்டார்கள். எதிர்க்கரையில் நின்று பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான்.

"யாரையும் உட மாட்டாங்களா?"

"யாரையும்."

"அப்பப் பரவால்ல."

மூங்கில் காடு. அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மூங்கிலப் பாக்க ஏரோப்ளேன்ல போவணுமா? பென்னாகரம் தாண்டிப் போனா அதுவே ரோட்டு மேல சாஞ்சிட்டு நிக்குது. அதுலயும் ஆனையோட."

மலை ஏறும் வழி முழுக்கச் சிவப்பு வாசல்கள். ஒன்றின் பின் ஒன்றாக, ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு தூணிலும் கறுப்பு எழுத்து. மந்திரமா என்று கேட்டாள். கா.விடம் கேட்டேன். வாசல் செய்ய நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களாம். நம் ஊர்க் கோயில் ட்யூப்லைட்டேதான். எங்கே போனாலும் இந்த ஆட்களிடமிருந்து தப்ப முடியாது போலிருக்கிறது.

படி நிறைய. அம்மாவுக்கு அடிவாரம் போதும் என்று குறித்துக்கொண்டேன்.

தழைக்கட்டை என் தலையில் தூக்கி வைக்கப் போனேன். நிறுத்தினாள்.

"எனக்கு எதாச்சும்னு வந்துச்சுன்னா, கார்த்திகிட்ட நவம்பர் வேணாம்னு சொல்லிடு. புழு இருக்குதுன்னு சொல்லு. வேற காரணம் சொல்லாத."

நான் அடுத்த இடத்தை வாசித்தேன். கல்லும் மணலும் மட்டும் வைத்துச் செய்த தோட்டமாம். அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.


செப்டம்பர் 9, செவ்வாய்

இல்லை. கேன்சர் இல்லை.

யாருடைய சர்க்கரை அளவையோ தட்டிக்கொண்டிருந்தேன். மெயில் வந்து விழுந்தது. இங்கிலீஷில் சின்னதாக ஒரு பத்தி. எழுத்தெழுத்தாக வாசித்தேன். தினமும் இப்படிப்பட்ட பத்திகளை அச்செடுத்து, மடித்து, கவரில் போட்டுக் கொடுப்பவள் நான். வாங்குகிறவர் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. "அடுத்து" என்பேன். அந்தக் கவரைப் பிரிக்க முடியாமல் சிலர் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். நகரச் சொல்லியிருக்கிறேன்.

பாத்ரூமில் அழுகை. முகம் கழுவினேன். பயங்கரப் பசி. டீ, வடை, இன்னொரு வடை.

அம்மாவுக்குப் போன்.

"ஒன்னும் இல்லம்மா. வெறும் சதைதான்."

"சரி. வரும்போது கொத்தமல்லி வாங்கியாந்துடு."

வைத்துவிட்டாள். உடனே திரும்ப அழைத்தாள்.

"நெசமாத்தான?"

"நெசமாத்தாம்மா."

"கொத்தமல்லி மறந்துடாத."

மதியம் ரிப்போர்ட்டோடு டாக்டரம்மாவைப் பார்த்தேன். நேராகக் கேட்டேன்: அந்த மாத்திரைதானே காரணம்? இல்லையாம். "இதனாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாதும்மா. மாத்திரையே போடாதவங்களுக்கும் வரும். ஆனா கடையில வாங்கி இஷ்டத்துக்குப் போடறது இனிமே கூடவே கூடாது. போட்ட வரைக்கும் போதும்."

அப்படியானால் வியாழக்கிழமை எழுதிய முதல் வரியை அடிக்க வேண்டும். பேனாவைக்கூட எடுத்தேன். அடிக்கவில்லை. மருத்துவப்படி அப்பா நிரபராதி. வீட்டுப்படி இல்லை.

கொத்தமல்லி மறந்துபோனேன். அம்மா திட்டினாள். காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.


செப்டம்பர் 10, புதன்

அப்பா ஆட்டுக்கறி வாங்கி வந்தார். புதன்கிழமையில். "பொரட்டாசி பொறக்கறதுக்குள்ள ஒருக்கா தின்னுக்கலாம்னு." காரணம் அதுதானாம். நல்லி எலும்பெல்லாம் அம்மா தட்டில் விழுந்தது. பயந்திருக்கிறார். பயந்துபோன ஆளை வெறுப்பது கஷ்டம். முயற்சி செய்தேன்.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மாத்திரை இனிமேல் கிடையாது.

"அப்பப் புழுவுக்கு?" என்றார் அப்பா.

அம்மா மென்றுகொண்டே, "பாத்துக்கலாம்."

கறி வாசம் பிடித்து அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை, பக்கத்து வீடு. கியோட்டோ விஷயம் அவளுக்கு எப்படியோ எட்டியிருக்கிறது.

"நவம்பர் பேட்ச்தான் பேட்ச். குளுருக்குக் கெட்டியாக் கட்டும். அத உட்டுப்புட்டு ஊரு சுத்தப் போறாங்களாமா? ரெண்டு பொம்பளையும் போய்ட்டா எங்கண்ணனுக்கு யாரு சோறு போடறது?"

"அவருக்கு ரெண்டு கை இருக்குது அத்தை."

"வாயப் பாரு இவளுக்கு. இதுக்குத்தான் மாப்ள அமைய மாட்டேங்குது."

"அமைஞ்சிருந்தா ஜப்பானுக்கு யாரு உடுவாங்க?"

அம்மா சிரிப்பைத் தண்ணீர் குடித்து அடக்கினாள். அப்பா எங்களைப் பார்க்கவில்லை. ஆனால் அவர் கேட்டது அத்தை கேட்டதுதான். நவம்பர் பேட்சை விட முடியாது. நாங்கள் போனால் யார் பார்ப்பது? பதில் அப்பா உருவில் எதிரில் உட்கார்ந்து கறி மென்றுகொண்டிருந்தது.


செப்டம்பர் 14, ஞாயிறு

கா.வுக்கு எல்லாவற்றையும் சொல்லியாயிற்று, நேற்றே. முதலில் கத்தினான். பிறகு அழுதான். "நான் இங்க யாரோ ஆயாவுக்கு டயப்பர் மாத்திக்கிட்டு இருக்கேன், எங்கம்மாவுக்கு என்னன்னு எனக்குத் தெரியல." அம்மா, "அந்த ஆயா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள். அதற்கும் அழுதான்.

இன்று அவனுக்கு வார விடுமுறை. கிளம்பி கியோட்டோ போயிருக்கிறான். ஒற்றைப் பெட்டி ரயில், தெருவோடு ஊர்ந்து போகிறது. ஒரு ஸ்டேஷனில் இறங்கி வீடியோவில் அழைத்தான்.

"அம்மா, இந்த ஸ்டேஷன் பேரு என்னன்னு சொல்லு?"

"எனக்கென்னடா தெரியும்."

"பட்டுப்புழுக் கோயில். ஸ்டேஷன் பேரே அதான்."

அம்மா தழையைக் கீழே போட்டுவிட்டாள். போனை என் கையிலிருந்து பிடுங்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள்.

சின்னக் கோயில். கூட்டம் இல்லை, ஆளே இல்லை. பெரிய மரங்கள். ஒரு மூலையில் கல்லில் மூன்று கால் வைத்த வாசல். வாசல் என்றால் இரண்டு கால்தானே? இது மூன்று. எந்தப் பக்கம் நின்றாலும் வாசல்தான். நடுவில் கற்களைக் குவித்து வைத்திருக்கிறார்கள். ஏன் மூன்று என்று அங்கே யாருக்கும் சரியாகத் தெரியாதாம்.

"நம்ம அடுப்பு மாதிரி இருக்குதுடா." பிறகு, "புழு எங்க?"

"புழு இல்லம்மா. அந்தக் காலத்துல வளத்துருக்காங்க. பட்டு நெய்யற தெருவெல்லாம் இந்த ஊர்லதான். அதுக்குக் கட்டுன சாமி."

அம்மா அடுத்து என்ன கேட்பாள் என்று தெரிந்துவிட்டது. கேட்டாள்.

"பொம்பளைங்க உள்ள போலாமா? எல்லா நாளும்?"

கா. சுற்றும் முற்றும் பார்த்தான். போனை ஒரு முழுச் சுற்று திருப்பிக் காட்டினான். "போர்டு எதுவும் இல்ல. தடுக்க ஆளும் இல்ல. இந்தா, ஒரு பொம்பள வர்றாங்க, கேக்கட்டுமா?"

"ஏய், வேணான்டா. வேணாம். மானத்த வாங்காத."

போனை வைத்த பிறகு சொன்னாள்: "தங்கக் கோயிலெல்லாம் நேரமிருந்தாப் பாக்கலாம். இங்க போவணும்."

முதல் முறையாக அவளாக ஒன்று கேட்டிருக்கிறாள். பிளானில் முதல் நாள், முதல் இடம். மற்றதெல்லாம் கீழே தள்ளிவிட்டேன்.


செப்டம்பர் 18, வியாழன்

மழை. லேபில் டெங்கு கூட்டம்.

பிளான், இதுவரை. நாள் 1: புழுக் கோயில். பக்கத்திலேயே மூங்கில் காடு, யானை கிடையாது. நாள் 2: நெசவுத் தெரு, தங்கக் கோயில். நாள் 3: சிவப்பு வாசல், அடிவாரம் மட்டும். மதியத்துக்கு மேல் அம்மாவுக்கு ஓய்வு. நாள் 4 காலி. எதுவும் வைக்கவில்லை. அம்மா வாழ்க்கையில் காலியாக ஒரு நாள் இருக்கட்டும்.

வாங்க வேண்டியது: அம்மாவுக்கு ஷூ, ஸ்வெட்டர், புளிக்காய்ச்சல் கட்ட நல்ல டப்பா. கா. ஊறுகாய் கேட்கிறான்.

கழிவறைகள். இதற்குத் தனியாக நேரம் செலவழித்தேன். எங்கள் பஸ் ஸ்டாண்டில் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் நிற்பது ஏன் என்று எந்த அதிகாரிக்கும் தெரியாது. ஊருக்குக் கிளம்பும் நாளில் அம்மா காலையிலிருந்தே தண்ணீரைத் தொட மாட்டாள். கியோட்டோவில் ரயில் ஸ்டேஷன், கோயில், கடை எல்லாவற்றிலும் இருக்கிறதாம், சுத்தமாக, இலவசமாக. கா. சொன்னான்: "சீட்டு சூடா இருக்கும் அக்கா. அம்மா பயந்து எந்திரிச்சிடும்."

படித்ததும் கோபம்தான் வந்தது. அந்த ஊர் மேல் இல்லை.

புழு கடைசிப் பருவத்தில், கூடு கட்டும் முன். விரல் தடிமன். ஷெட் பக்கம் போனாலே தின்னும் சத்தம். அம்மா நாட்களை எண்ணுகிறாள். அவளுக்கு நாள் வர வேண்டிய வாரமும் இதுதான். அப்பாவும் எண்ணுகிறார். இருவரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. அப்பா கூலிக்கு ஒரு பெண்ணைச் சொல்லி வைத்திருக்கிறார். தான் வருவதாகச் சொல்லவில்லை.


செப்டம்பர் 20, சனி

அரை நாள் லீவு. பஸ் இறங்கும்போது நல்ல மழை.

பின்பக்க அறையில் அம்மாவின் பாய் விரித்திருந்தது. தனித் தட்டு, தனி டம்ளர். வந்துவிட்டது. அம்மாவைக் காணோம். கூலிக்கு வருவதாகச் சொன்ன பெண் மழைக்கு வரவில்லை. அப்பா தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மார்க்கெட் போனவர் திரும்பவில்லை.

ஷெட் கதவு திறந்திருந்தது. உள்ளே அம்மா. தட்டு தட்டாகத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். கூரைத் தகரத்தில் மழைச் சத்தம், கீழே புழு தின்னும் சத்தம். எது எது என்று பிரிக்க முடியவில்லை.

"அம்மா."

"பசியில தலையத் தூக்கிக்கிட்டு நிக்குதுடி. கதவுகிட்ட நின்னு எவ்ளோ நேரம் பாக்கறது."

"தீட்டு?"

"அதுங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போட்டேன். ஒன்னும் மொணங்காமத் திங்குதுங்க."

எத்தனை வருடமாக இதற்காகக் கத்தியிருக்கிறேன். அறிவியல், படிப்பு, உரிமை. அம்மா என் பேச்சைக் கேட்டு உள்ளே போகவில்லை. பசித்தவைக்குச் சோறு போடப் போயிருக்கிறாள். போகட்டும். போனாளே.

"வாயப் பொளந்துக்கிட்டு நிக்காத. அந்தக் கட்ட எடு."

எடுத்தேன்.

அப்பா நனைந்துகொண்டே வந்தார். வாசலில் நின்றார். பின்பக்க அறையின் பாயையும் பார்த்திருப்பார். அம்மா கையை நிறுத்தவில்லை, திரும்பவும் இல்லை. நான் சண்டைக்குத் தயாராக வாக்கியங்களை அடுக்கினேன். அவர் திரும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் வாசலில் தொப்பென்று ஒரு தழைக்கட்டு விழுந்தது. எட்டிப் பார்த்தேன். ஆள் இல்லை. பிறகு இன்னொரு கட்டு.

வாசல் வரைக்கும் வந்திருக்கிறார். இத்தனை வருடத்தில்.


செப்டம்பர் 23, செவ்வாய்

புழு பழுத்துவிட்டது. மஞ்சளாக, வெளிச்சத்துக்குக் காட்டினால் உள்ளே தெரியும் அளவுக்கு. கூடு கட்ட வலைத் தட்டுகளில் பொறுக்கிப் போட்டோம். லேபுக்கு லீவு சொன்னேன்.

அத்தைக்குத் தெரிந்துவிட்டது. ஷெட்டைச் சுற்றி வந்து, குப்பையில் கிடந்த புழுக்களைக் குச்சியால் புரட்டினாள்.

"நாலு கருத்துப்போய்க் கெடக்குது பாரு. நான் சொன்னா யாரு கேக்கறாங்க."

அம்மா உள்ளே இருந்தபடியே: "போன பேட்ச்லயும்தான் நாலு கருத்துது. அன்னிக்கு யாருக்குத் தீட்டு? உனக்கா?"

அத்தை போய்விட்டாள். அம்மா இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. கேன்சர் இல்லை என்பது ஒரு மனுஷியை இவ்வளவு தூரம் கொண்டுபோகுமா?

ஆனாலும் பயம் எனக்கும் இருந்தது. எழுதிவிடுகிறேன். ராத்திரி எழுந்துபோய் டார்ச் அடித்துப் பார்த்தேன், கட்டுகிறதா என்று. படித்தவள். கட்டிக்கொண்டிருந்தது.


செப்டம்பர் 28, ஞாயிறு

கூடு பிரித்தோம். வெள்ளையாக, கெட்டியாக, அழுத்தினால் அமுங்காமல். அம்மா ஒன்றைக் காதருகே வைத்து ஆட்டினாள். உள்ளே புழு உருண்டது. சிரித்தாள். அப்பா கைநிறைய அள்ளிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் வந்துருக்குது," என்றார். யாருக்கென்று சொல்லாமல், பொதுவாக.

நிம்மதி. வேறு சொல் தேடினேன், இதுதான் சரியாக இருக்கிறது. அம்மாவின் பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. போட்டோவில் போலீஸ் பிடித்த மாதிரி முறைக்கிறாள்.

கா.வுக்கு இன்றே டிக்கெட் போட வேண்டுமாம். மதியம் சாப்பிடும்போது அழைத்தான். "போடவா? ரெண்டு பேருக்குமா? அம்மா வருதா?" ஸ்பீக்கரில் வைத்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தட்டை ஒதுக்கி வைத்தாள்.

"ஏங்க. நவம்பர் பேட்ச உட வேணாம். எடுங்க. ஆனா ஷெட்டுக்குள்ள நீங்க போங்க. தழை நீங்க போடுங்க. நான் புள்ளைய பாத்துட்டு, அந்தக் கோயிலயும் பாத்துட்டு வர்றேன்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ரசம் எப்போதோ சோற்றில் இறங்கிவிட்டது. பிறகு மோருக்குக் கை நீட்டினார். மோர்ச் சட்டி அம்மா பக்கத்தில். அவள் நகர்த்தவில்லை.

போனில் கா., "அலோ? அலோ? லைன்ல இருக்கீங்களா?"

"வாயத் தொறந்து சொல்லுங்க," என்றாள் அம்மா. "போடுவீங்களா, மாட்டீங்களா?"